மலைவீட்டுத் தொட்டியில் கோரிடோராஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் மீன் தொட்டி வைக்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் மேட்டுப்பாளையத்துக்கோ கோயம்புத்தூருக்கோ இறங்கித்தான் மீன் வாங்குகிறார்கள். அங்கே கடைக்காரர் சொல்லித்தரும் வளர்ப்பு முறை கீழேயுள்ள வெயிலுக்கு உரியது. மேலே ஏறி வந்ததும் அதில் பாதி பொருந்தாமல் போகிறது. கோரிடோராஸ் என்ற சிறு கெளுத்தியைப் பற்றி உதகை, குன்னூர், கோத்தகிரி நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த மீன் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. குளிர் ஊரில் குடியிருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொட்டி மீன் அரிது என்பதே என் எண்ணம்.

கோரிடோராஸ் என்றால் எந்த மீன்?

தென் அமெரிக்க ஆறுகளிலும் ஓடைகளிலும் அடித்தரையில் மேயும் நன்னீர்க் கெளுத்தி. 1803-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் லாசெபேட் இந்தப் பேரினத்தை வரையறுத்தார். ஆண்டிஸ் மலைக்குக் கிழக்கே, வடக்கில் டிரினிடாட் தீவிலிருந்து தெற்கில் அர்ஜென்டினா வரை இதன் உறவினங்கள் பரவியிருக்கின்றன. மிகச் சிறியது இரண்டரை சென்டிமீட்டர்தான் வளரும். கடைகளில் வழக்கமாகக் கிடைப்பவை 5 முதல் 7 சென்டிமீட்டர்.

உடலில் செதில் கிடையாது. அதற்குப் பதிலாக இரு பக்கமும் இரண்டிரண்டு வரிசை எலும்புத் தகடுகள், ஓட்டுக்கூரையில் ஓடு அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். வாயோரத்தில் குட்டை மீசைகள். கண்ணைக் கீழ்ப்பக்கம் சட்டென்று உருட்டித் திருப்பும். பார்ப்பவருக்கு அது கண் சிமிட்டுவதாகத் தெரியும். குழந்தைகள் முதலில் மயங்குவது அதில்தான்.

கடையில் நாலைந்து வகை வைத்திருக்கிறார்கள். மலைக்கு எது சரி?

இந்தப் பக்கத்தில் நான் சொல்லவருவதில் பாதி இந்த ஒரு பதிலில் இருக்கிறது. மீனை வாங்கிவிட்டு அதற்கேற்றபடி ஊரின் குளிரை மாற்றப் பார்க்காதீர்கள். ஊரின் குளிருக்கு ஏற்ற மீனை வாங்குங்கள்.

முதல் தேர்வு பெப்பர் கோரி. சாம்பல் பச்சை உடலில் கரும்புள்ளிகளும் திட்டுகளுமாக இருக்கும். பரானா ஆற்றின் கீழ்ப்பகுதி, உருகுவே ஆறு, தென் பிரேசிலின் கரையோர நீர்நிலைகள் இதன் சொந்த ஊர். அந்தப் பகுதி வெப்பமண்டலத்துக்குத் தெற்கே விலகியிருக்கிறது. அதன் நடுவே இருக்கும் பூவனஸ் அயர்ஸ் நகரில் ஜூலை மாதச் சராசரி வெப்பநிலை 11 டிகிரியை ஒட்டித்தான். ஆகவே குளிர்காலம் இந்த மீனுக்குப் பழக்கமான ஒன்று. 18 முதல் 23 டிகிரி வரை நிம்மதியாக இருக்கும். மெதுவாக இறங்கினால் சில வாரம் 15-ஐயும் தாங்கும். கோத்தகிரியிலோ குன்னூரிலோ வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதற்கு வரலாறும் உண்டு. பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் சேகரித்து அனுப்பிய மீன்களை வைத்து ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜெனின்ஸ் 1842-இல் இதை விவரித்துப் பெயரிட்டார். பாரிஸில் கார்போனியே என்பவர் 1878 வாக்கிலேயே இதைத் தொட்டியில் முட்டையிட வைத்துவிட்டார். மின்சார ஹீட்டர் இல்லாத காலம் அது.

இரண்டாவது, வெண்கலக் கோரி. கடையில் அல்பினோ கோரி என்று விற்கும் வெள்ளை மீன் பெரும்பாலும் இதே இனம்தான். 21-லிருந்து 26 டிகிரி வரை விரும்பும். கூடலூர், பர்லியார் போன்ற தாழ்ந்த இடங்களுக்கு ஹீட்டர் இல்லாமலே ஒத்துப்போகும். குன்னூரில் டிசம்பர், ஜனவரிக்கு மட்டும் உதவி வேண்டும்.

பாண்டா கோரி பெருவில் ஆண்டிஸ் மலையடிவாரத்து ஓடைகளைச் சேர்ந்தது. 20 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும். ஆனால் தண்ணீர் கெட்டால் முதலில் சுருண்டு விழுவது இதுதான். தொட்டி பழகிய பிறகு வாங்குங்கள்.

ஸ்டெர்பாய் அழகான மீன், மறுக்கவில்லை. பிரேசில், பொலிவியா எல்லையிலுள்ள குவாப்போரே ஆற்றுப் பக்கத்து மீன். 24 முதல் 28 டிகிரி வேண்டும். உதகையில் இதை வைப்பது ஆண்டு முழுக்க ஹீட்டரை நம்பி வைப்பது. நான் பரிந்துரைப்பதில்லை.

சிவப்பு, நீலம், ஊதா என்று வண்ணத்தில் கோரி காட்டினால் வாங்காமல் திரும்பி வாருங்கள். வெள்ளை மீனுக்குச் சாயம் ஏற்றி விற்கும் வழக்கம் உண்டு. மீனுக்கு அது பெரும் வதை. நாம் வாங்குவதை நிறுத்தினால்தான் அதுவும் நிற்கும்.

ஒரு கடையில் கோரிடோராஸ் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் ஹோப்லிசோமா என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

ஒரே மீன்தான். நெடுங்காலம் நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் கோரிடோராஸ் என்ற ஒரே பெயரின்கீழ் இருந்தன. மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் 2024-இல் அவற்றைப் பல பேரினங்களாகப் பிரித்து, பழைய பெயர்கள் சிலவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். அதன்படி பெப்பர், பாண்டா, ஸ்டெர்பாய் மூன்றும் இப்போது ஹோப்லிசோமா. வெண்கலக் கோரி ஓஸ்டியோகாஸ்டர். குட்டையான பிக்மி கோரி காஸ்ட்ரோடெர்மஸ். வளர்ப்பவர்கள் வாயில் எல்லாமே இன்னும் கோரிதான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்தப் பிரிவினைக்குப் பின்னால் சுவையான ஒரு செய்தி இருக்கிறது. ஒரே ஓடையில் ஒரே கோடும் புள்ளியுமாக நீந்தும் கோரிகள் நெருங்கிய உறவாக இருக்க வேண்டியதில்லை. வெவ்வேறு கிளையைச் சேர்ந்த இரண்டு மூன்று இனங்கள் ஒரே வேடத்தில் திரியும். ஒன்றுக்குக் குட்டை மூக்கு, மற்றொன்றுக்கு நீண்ட மூக்கு. மேயும் விதமும் வேறு. முள்ளும் நஞ்சும் உள்ள மீன்கள் ஒரே தோற்றத்தில் கூடினால், ஒரு முறை கடித்துப் பட்ட எதிரி எல்லாவற்றையும் விட்டு விலகும். இரை ஒன்றாக இல்லாததால் தங்களுக்குள் போட்டியும் குறைவு. 2011-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இதை விரிவாகக் காட்டியது.

அண்ணா, ஊட்டியில ஹீட்டர் இல்லாம முடியுமா?

பெப்பர் கோரி என்றால் வீட்டைப் பொறுத்து முடியும். உறைபனி விழும் இரவிலும் வீட்டுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே உள்ள அளவுக்குக் குளிர்வதில்லை. தொட்டியில் ஒரு வெப்பமானி ஒட்டி, விடிகாலையில் ஒரு வாரம் பாருங்கள். 16-க்குக் கீழே போகவில்லை என்றால் ஹீட்டர் தேவையில்லை. போகிறது என்றால் 18-இல் நிறுத்தி வைக்கக்கூடிய 100 வாட் ஹீட்டர் இரண்டடித் தொட்டிக்குப் போதும். 18 என்று சொல்கிறேன், கடையில் சொல்லும் 28 அல்ல.

குளிரைவிட ஏற்ற இறக்கம்தான் ஆபத்து. ஜன்னலோரத் தொட்டியில் மதிய வெயில் பட்டுத் தண்ணீர் சூடாகி, இரவில் கண்ணாடி வழியே குளிர்ந்துவிடும். வெள்ளைப் புள்ளி நோய் வருவது இப்படிப்பட்ட தொட்டிகளில்தான். உள்சுவர் ஓரமாக வையுங்கள். தொட்டிக்கு அடியிலும் பின்புறமும் பக்கங்களிலும் தெர்மாகோல் அட்டை கொடுத்து, மேலே மூடியும் போட்டால் இரவில் இறங்கும் வேகம் கண்கூடாகக் குறையும்.

கரி அடுப்பு வைக்கும் அறையில் தொட்டி வேண்டாம். ஏர் பம்ப் அறைக் காற்றை அப்படியே தண்ணீருக்குள் தள்ளுகிறது. மூடிய அறையில் கரிப்புகை மனிதர்களுக்கே உயிராபத்து என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொட்டியைச் சுத்தம் பண்ணும் மீன் இதுதானே?

இல்லை. பாசி தின்னாது, கழிவும் தின்னாது. அடியில் விழும் இரையைத் தேடித் தின்னும், அவ்வளவே. மற்ற மீனுக்குப் போட்டதில் மிச்சம் கிடைக்கும் என்று நம்பி விடப்பட்ட கோரிகள் வயிறு ஒட்டிச் சாகின்றன.

டேங்க் கிளீனர், சக்கர் என்ற பெயர்களில் விற்பது வேறு மீன். அதுவும் தென் அமெரிக்கக் கவசக் கெளுத்திதான், ஆனால் லோரிகாரிடே என்ற வேறு குடும்பம். கையளவில் வாங்கி வருவது 40 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். நம் குளிரில் சோர்ந்து போகும். வளர்ந்ததும் தொட்டியில் இடம் போதாமல் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் மூன்றிலும் நீர்நிலைகளில் அது பெருகி, கரையில் வளை தோண்டி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வாங்கவே வாங்காதீர்கள்.

ரெண்டு மட்டும் வாங்கிப் பார்க்கலாமா?

ஆறு வாங்குங்கள். அதுவும் ஒரே இனத்தில் ஆறு. இது கூட்டத்தில் வாழும் பிறவி. மேய்வதும் ஓய்வதும் ஒன்றாக. ஒன்றையொன்று மீசையாலும் உடம்பாலும் தொட்டுத் தட்டிக்கொண்டே நகரும். தனியாக விட்ட கோரி மூலையில் ஒளிந்து கிடக்கும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் ஐம்பது லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் பிடிக்கும். ஆறு பெப்பர் கோரிக்கு அது போதுமான இடம். உயரம் கூடுவதால் பயனில்லை. தரைப்பரப்புதான் இவற்றுக்கு வீடு.

அடியில் என்ன போடுவது?

மழுங்கிய மெல்லிய மணல். கோரி மணலை வாயில் அள்ளி, இரையைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியே கொட்டும். முகம் பாதி புதையும்படி மேய்வதைப் பார்த்தால்தான் இந்த மீனைப் பார்த்ததாக அர்த்தம். வண்ணக் கூழாங்கல் தொட்டியில் அந்தக் காட்சியே கிடையாது.

கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் வேண்டாம். பாறையை உடைத்துச் செய்வது, ஓரங்கள் கூர்மையானவை. சலித்த ஆற்று மணலைத் தண்ணீர் தெளியும்வரை அலசி இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். மீசை தேய்ந்து மொட்டையாவதற்குக் கூரான கல் ஒரு காரணம். அடியில் தேங்கிய அழுக்கும் அதில் வளரும் கிருமியும் இன்னொரு காரணம். ஆகையால் நல்ல மணல் போட்டாலும் வாராவாரம் மேற்பரப்பைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும்.

மரக்கட்டை வைப்பதாக இருந்தால் தைல மரத்துக் கட்டையும் இலையும் கூடாது. எண்ணெய் கசியும்.

எங்க வீட்டுக்கு ஊற்றுத் தண்ணி வருது. அதை அப்படியே ஊத்தலாமா?

ஊற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சோலைக்காட்டுச் சரிவிலிருந்து வருவது பெரும்பாலும் அருமையான மென்நீர், இந்த மீனுக்கு ஏற்றது. தேயிலைத் தோட்டத்துக்கோ காரட், உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கோ கீழே வருவது என்றால் எனக்குத் தயக்கம் உண்டு. மருந்து தெளித்த பின் பெய்யும் முதல் மழையில் அது தண்ணீரோடு இறங்கி வரும். தெளிப்புக் காலத்திலாவது அந்தத் தண்ணீரைத் தவிர்த்துவிடுங்கள்.

குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். ஒரு நாள் திறந்த வாளியில் வைக்கலாம், அல்லது கடையில் கிடைக்கும் ஹைப்போ கரைசலை அளவோடு சேர்க்கலாம். ஒரு நாள் வைப்பதில் வேறொரு நன்மையும் உண்டு: காலையில் பனிபோல வரும் தண்ணீர் அறையின் வெப்பத்துக்கு வந்துவிடும். வாரம் கால்வாசி மாற்றினால் போதும்.

மென்நீரில் ஒரு குறை இருக்கிறது. அமிலம் சேரும்போது அதை ஈடுகட்ட உப்புச்சத்து அதில் போதாது. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல் விட்ட தொட்டியில் அமிலத்தன்மை திடீரென்று ஏறி மீன் இறக்கும். ஃபில்டருக்குள் ஒரு சிறு துணிப்பையில் கொஞ்சம் கிளிஞ்சல் போட்டு வைத்தால் மெதுவாகக் கரைந்து ஈடுகட்டும்.

புதுத் தொட்டிக்குப் பொறுமை வேண்டும். மீன் கழிவிலுள்ள அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் குளிரில் மெதுவாகத்தான் பெருகும். கீழே நாலைந்து வாரத்தில் தயாராகும் தொட்டி இங்கே இரண்டு மாதம்கூட எடுக்கும். பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றை வாங்கிவந்து வைத்தால் அந்தக் காத்திருப்பு பெரிதும் குறையும்.

அடிக்கடி மேலே பாய்ந்து காற்றை விழுங்குகிறது. மூச்சு முட்டுகிறதா?

எப்போதாவது என்றால் இயல்பு. கோரி செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை. ஒரு வாய்க் காற்றை விழுங்கினால் அது குடலின் பின்பகுதிக்குப் போகும். அங்கே சுவர் மெல்லியது, ரத்த நாளங்கள் நெருங்கிப் பின்னியிருக்கும். ஆக்ஸிஜனை அங்கேயே உறிஞ்சிக்கொண்டு மிச்சக் காற்றைப் பின்வழியாக விட்டுவிடும். ஆக்ஸிஜன் நிறைந்த தண்ணீரிலும் இதைச் செய்யும். ஆகவே தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி கட்டாயம் வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் எல்லா மீனும் மேலே ஓடினால்தான் கோளாறு. அப்போது உடனே தண்ணீர் மாற்றுங்கள்.

மலை உயரத்தின் கணக்கும் இங்கே வருகிறது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும். கடல்மட்டத்தில் 28 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும். உதகையில் 18 டிகிரியில் வைத்தால் 7.2 அளவுக்குக் கிடைக்கும். உயரம் பறித்ததைக் குளிர் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதே உதகைத் தொட்டியை ஹீட்டர் போட்டு 28-க்கு ஏற்றினால் 6 மில்லிகிராம்தான் மிஞ்சும். மலைமேல் வெப்பமண்டலத் தொட்டி வைப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை. மீன் சோர்ந்தால் இன்னும் இரண்டு டிகிரி கூட்டுகிறார்கள்.

கீழிருந்து எப்படிக் கொண்டுவருவது? வழியிலேயே செத்துவிடுகிறதே.

மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது நஞ்சு. பயந்துபோன கோரி செவுளுக்கு அருகிலிருந்து நச்சுப் பொருளைக் கசியவிடும். குறுகிய பையில் பத்து மீனை அடைத்தால் தங்கள் நஞ்சாலேயே சாகும். தண்ணீர் நுரைத்திருந்தால் அதுதான் அறிகுறி. ஒரு பைக்கு இரண்டு மூன்று மீன் போதும். முள் பிளாஸ்டிக்கைக் குத்தும் என்பதால் பை இரட்டையாக இருக்கட்டும். கடையில் பிடித்தவுடன் சற்று நேரம் ஒரு வாளியில் விட்டு, தண்ணீரை மாற்றிக் கட்டச் சொல்லுங்கள். சென்னைக் கொளத்தூரிலிருந்து பார்சலில் வரவழைப்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது பை உப்புவது. மேட்டுப்பாளையத்தில் கட்டிய பைக்குள் இருக்கும் காற்று உதகை வருவதற்குள் கால் பங்கு வரை விரியும். முறுக்கிக் கட்டிய பை கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும். கொஞ்சம் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது குளிர். கடைத் தொட்டியில் 28 டிகிரியில் இருந்த மீனை வீட்டு 17 டிகிரியில் அரைமணி மிதக்கவிட்டு இறக்குவது போதாது. முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு ஹீட்டர் இரவல் வாங்கியாவது 24-இல் தொடங்குங்கள். நாளுக்கு ஒரு டிகிரி வீதம் இறக்குங்கள். பெப்பர் கோரிக்கும் இது பொருந்தும். அதன் முன்னோர் குளிரில் வாழ்ந்தாலும், கடையில் இருக்கும் மீன் பல தலைமுறையாகப் பண்ணை வெப்பத்தில் பிறந்தது.

என்ன தீனி?

மூழ்கும் தீனி. மிதக்கும் குருணையை இது மேலே வந்து தின்னாது. விளக்கணைத்த பின் சாயங்காலத்தில் போடுவது நல்லது. வாரம் இரண்டு முறை உறைந்த ரத்தப்புழுவோ ஆர்டீமியா என்ற உப்புநீர்ப் பொடி இறாலோ கொடுங்கள். சாக்கடையில் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழுவை நான் சேர்ப்பதில்லை. 17 டிகிரிக்குக் கீழே செரிமானம் மந்தமாகும். தீனியைப் பாதியாகக் குறையுங்கள்.

கூட என்ன மீன் விடலாம்?

ஜீப்ரா டேனியோ, வொயிட் கிளவுட். இரண்டும் குளிருக்கு அஞ்சாதவை, நடுத்தண்ணீரிலும் மேல்தண்ணீரிலும் இருப்பவை. தொட்டி பெரிதானால் ரோஸி பார்ப். கோல்ட்ஃபிஷ் வேண்டாம்: கழிவு அதிகம், பெரிதானால் சிறு கோரியை விழுங்கப் பார்க்கும். கோரி துடுப்பு முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும் என்பதால் அது தொண்டையில் சிக்கி இரண்டும் சாகும். ஏஞ்சல், டிஸ்கஸ், ஃபைட்டர் எல்லாம் வெப்பம் கேட்பவை.

மலையில் முட்டையிடுமா?

இடும், கீழேயுள்ளவர்களைவிட நமக்கு எளிது. சொந்த ஊரில் மழை தொடங்கி ஆறு குளிரும்போதுதான் இவை இனம் பெருக்கும். சமவெளியில் இருப்பவர்கள் ஐஸ் கட்டி போட்டு அதைப் போலச் செய்கிறார்கள். நமக்குக் குழாயைத் திறந்தால் போதும். இரண்டு வாரம் புழுத்தீனி நன்றாகக் கொடுங்கள். பெண் மீன் மேலிருந்து பார்க்கும்போது அகலமாகத் தெரியும். பிறகு ஒரு சாயங்காலம் தொட்டியில் மூன்றிலொரு பங்கை எடுத்துவிட்டு, மூன்று நாலு டிகிரி குளிர்ந்த தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். தேவைப்பட்டால் மறுநாளும் செய்யலாம். ஜூன் மாதம் மழைமேகம் இறங்கிக் காற்றழுத்தம் குறையும் நாட்களில் தாமாகவே முட்டையிடுவதைப் பலரும் கவனித்திருக்கிறார்கள்.

அந்தச் சேர்க்கை விந்தையானது. பெண் தன் வாயை ஆணின் வயிற்றோரம் பதிக்க, இரண்டும் ஆங்கில டி எழுத்துப்போல நிற்கும். அதே நேரத்தில் இடுப்புத் துடுப்புகளைக் கூட்டி ஒரு பைபோல ஆக்கி அதில் சில முட்டைகளை விடும். வெண்கலக் கோரியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்ட முடிவின்படி, பெண் ஆணின் விந்தை வாயால் குடிக்கிறது. அது குடல் வழியே சில நொடிகளில் கடந்து முட்டையிருக்கும் பைக்குள் சேர்கிறது. வேகமாக ஓடும் தண்ணீரில் விந்து வீணாகாமல் இருக்க இதைவிடப் பத்திரமான வழி எது? பிறகு பெண் மட்டும் போய்க் கண்ணாடியிலோ இலையிலோ இடம் பார்த்து, வாயால் துடைத்து, முட்டைகளை ஒட்டும். இப்படித் திரும்பத் திரும்பச் செய்து நூற்றுக்கு மேல்கூட இடும்.

முட்டையைக் கண்டதும் என்ன செய்வது?

பெற்றவையே தின்றுவிடும், அதனால் பிரிக்க வேண்டும். சற்று இறுகியதும் விரலால் உருட்டினால் கண்ணாடியிலிருந்து வந்துவிடும். அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய சிறு பெட்டியில், மென்மையாகக் காற்றுக் குமிழ் விட்டு வையுங்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒன்றிரண்டு துளி மெத்திலீன் புளூ அல்லது காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்று. அந்த மரம் நம் உயரத்தில் கண்ணில் படுவதில்லை. கீழே போகும்போது பழுத்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி வந்து காயவைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையான முட்டைகளை எடுத்துவிடுங்கள்.

24 டிகிரியில் நாலு நாளில் பொரியும். 19, 20-இல் ஒரு வாரம் ஆகும், அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் மஞ்சள்கருவில் வாழும். பிறகு புதிதாய்ப் பொரித்த ஆர்டீமியா வேண்டும். மலையில் பலர் தோற்பது இங்கேதான்: ஆர்டீமியா முட்டை பொரிய 26, 28 டிகிரி வேண்டும், அறைக் குளிரில் அது பொரியாது. ஆர்டீமியா பாட்டிலைச் சூடான குண்டு பல்பின் பக்கத்தில் வையுங்கள். மீன் தொட்டிக்குத் தேவைப்படாத ஹீட்டர், ஆர்டீமியாவுக்குத் தேவைப்படும்.

நோய் வந்தால் கல் உப்பு போடலாமா?

கைநிறைய அள்ளிப் போடும் வழக்கம் இந்த மீனுக்கு ஆகாது. மென்நீர் மீன் இது. முதல் மருந்து எப்போதும் சுத்தமான தண்ணீர். வெள்ளைப் புள்ளி என்றால் மருந்தைப் பாதி அளவில் தொடங்குங்கள். செம்புச்சத்துள்ள மருந்து கெளுத்திகளுக்குக் கடுமையானது.

வலையில் மாட்டிக்கொண்டது, எடுக்கப்போய் முள் குத்திவிட்டது.

கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்திருங்கள், கடுப்பு அடங்கும். வீங்கினாலோ வலி பரவினாலோ மருத்துவரைப் பாருங்கள். மீனை வலையோடு தண்ணீரில் விட்டால் பெரும்பாலும் தானே விடுவித்துக்கொள்ளும். இல்லையென்றால் வலையை வெட்டுங்கள். அடுத்த முறை ஒரு டப்பாவால் மொண்டு எடுங்கள்.

மழையில் ரெண்டு நாள் கரண்ட் போனால்?

தீனியை நிறுத்துங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்பில் ஸ்பாஞ்ச் ஃபில்டரை மாட்டுங்கள். குளிர்ந்த தண்ணீரும் குடல்மூச்சும் சேர்ந்து இந்த மீனைக் காப்பாற்றிவிடும். ஃபில்டர் நின்றே கிடந்திருந்தால் மீண்டும் ஓடவிடும் முன் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசுங்கள்.

வேலை மாற்றலாகி ஊரைவிட்டுப் போகிறோம். பக்கத்து ஓடையில் விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் சிறிதும் இல்லை. பெப்பர் கோரி நம் தொட்டியில் ஹீட்டர் இல்லாமல் வாழ்கிறது என்றால், நம் ஓடையிலும் வாழ முடியும் என்றுதான் பொருள். சக்கர் மீன் மலைக் குளிரில் திணறும், இது திணறாது. அதே மணலில், அதே கல்லிடுக்கில் மீசையால் தடவி இரை தேடும் அயிரையும், பாறையில் ஒட்டி மேயும் கல்லொட்டியும் நம் ஆறுகளுக்குச் சொந்தம். மேற்குத்தொடர்ச்சி மலையில் உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் பல இருக்கின்றன.

ஏற்கனவே நாம் போதுமான அளவு வெளி மீனைக் கொண்டுவந்து விட்டாயிற்று. அவலாஞ்சியில் 1907-இல் டிரௌட் பொரிப்பகம் தொடங்கினார்கள். 1939-இல் இலங்கையிலிருந்து கண்ணாடிக் கெண்டை உதகைக்கு வந்தது. இரண்டும் இன்றும் நம் நீர்நிலைகளில் இருக்கின்றன. விட்டதைத் திரும்பப் பிடித்து முடிக்க யாராலும் முடியவில்லை. தொட்டித் தண்ணீரையும் முட்டை ஒட்டிய செடிகளையும்கூட ஓடையில் கொட்டாதீர்கள். செடிகளை வெயிலில் காயவையுங்கள், தண்ணீரை ரோஜாத் தொட்டிக்கு ஊற்றுங்கள்.

இந்த மீன் ஐந்து, பத்து ஆண்டு, நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும் வாழும். வாங்கும்போதே அதை எண்ணிக்கொள்ளுங்கள். கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ மாறிப் போகிறவர்கள் பெப்பர் கோரியை உடன் எடுத்துச் செல்ல வேண்டாம். ஏப்ரல், மே மாதத்தில் அங்கே தொட்டி 30 டிகிரியைத் தாண்டும், அதற்குத் தாங்காது. மலையிலேயே தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். ஆறையும் பிரிக்காமல், ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் சேர்த்துக் கொடுங்கள். வெண்கலக் கோரி கீழே ஓரளவு சமாளிக்கும், அதைக் கொண்டுபோகலாம். முந்தைய நாள் தீனி போடாமல், பைக்கு இரண்டாக, காலையில் முதல் பேருந்தில்.